ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு குரோம்

பருத்திப்பட்டு மழை சொல்லிவிட்டெல்லாம் வராது. அன்றும் அப்படித்தான்... சடசடவென்று கொட்ட, ஒதுங்க இடம் தேடிய ஒரு கறுப்பு ஜீப் 'வேம்புலி கார் டெகரேஷன்' கடையின் தகரக் கொட்டகைக்குள் விருட்டென்று நுழைந்தது.

எழிலரசி நிமிர்ந்தாள். முதல் பார்வை ஓட்டி வந்தவன் மேல் விழுந்தது என்று நான் சொன்னால் அது பச்சைப் பொய். அவள் பார்த்தது ஜீப்பை! முன்கிரில்லில் குரோம், ஹெட்லைட்டைச் சுற்றிக் குரோம், கதவுக் கைப்பிடியில், பெட்ரோல் மூடியில்... பதினோரு இடத்தில் பளபளவென்று வெள்ளி நிறக் குரோம் பட்டை. ஐயோ, நம்ம வண்டி! கோவில்பதாகையில் தண்ணி லாரி வைத்திருக்கும் துலுக்கானம் அண்ணனுக்காகப் போன வருஷம் அவளே அலைந்து வாங்கி, அவள் கையாலேயே ஒட்டியது. விற்றுவிட்டார் போலிருக்கிறது.

அப்புறம்தான் இறங்கியவனைப் பார்த்தாள். நெற்றியில் ஒட்டிய ஈர முடி... மழைத்துளி தங்கிய இமை... சிரிக்கலாமா என்று அனுமதி கேட்கிற கண்கள். பரவால்ல, நல்லாத்தான் கீறான் என்றது மனசு.

அவன் வாயைத் திறந்தான். எல்லாம் போச்சு.

"ஏங்க, இந்தக் குரோமெல்லாம் எடுத்துடுவீங்களா? பழைய வண்டியா வாங்குனேன். காடு மேடு ஏறுற ஜீப்புக்குக் கல்யாணப் பொண்ணு மாதிரி நகை போட்டு வெச்சிருக்காங்க. எந்த ரசனை கெட்ட ஆளு பண்ணுன வேலையோ!"

"நான்தான் அந்த ஆளு."



"ஐயையோ... நான் அப்படிச் சொல்ல வரலைங்க..."

"வேற எப்டி சொல்ல வந்தீங்க? காடு மேடாம்! இதுவரிக்கும் எந்தக் காட்ல சார் ஏத்தினீங்க?"

"அம்பத்தூர் எஸ்டேட் ரோட்ல..." என்றான் பாவமாக.

சிரிப்பு வந்து தொலைத்தது அவளுக்கு. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பெயர் பிரசன்னா. நாமக்கல்காரன். அம்பத்தூரில் ஐ.டி. வேலை, பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் வாடகை ஃப்ளாட்.

குரோமை ஒட்டுவதைவிட எடுப்பதுதான் பாடு. சூடான காற்றை ஊதிப் பசையை இளக்கி, பின்னால் தூண்டில் நரம்பை நுழைத்து, இரண்டு பேர் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து மாற்றி மாற்றி இழுக்க வேண்டும். பெயிண்டில் ஒரு கீறல் விழக் கூடாது. வழக்கமாக மறுமுனை பிடிக்கிற அப்பா வேம்புலி சாப்பிடப் போயிருந்தார்.

"சும்மா நிக்காதீங்க, இதப் புடிங்க. நான் இழுத்தா நீங்க உடணும். நீங்க இழுத்தா நான் உடுவேன். புரிஞ்சுதா?"

இழுத்தாள்... விட்டான். இழுத்தான்... விட்டாள். அந்த முனையில் அவன் மூச்சு விடுவதுகூட இந்த முனையில் தெரிந்தது. ச்சே, இன்னா இது!

ஒரு பட்டை கழன்று வந்தது. "மீதிய அடுத்த வாரம் பாத்துக்கலாங்க. ஒண்ணொண்ணா எடுத்தாத்தான் எது இல்லாம நல்லாயிருக்குன்னு தெரியும்" என்றான்.

அத்தனையும் ஒரே மத்தியானத்தில் முடிகிற வேலை. தெரிந்தும், "உங்க இஷ்டம் சார்" என்றாள். ஏன் என்று கேட்டால் முறைப்பாள், நமக்கெதற்கு!

ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு குரோம் போயிற்று. சண்டை மட்டும் தப்பாமல் நடந்தது.

"இது வண்டியா, தார் டின்னா?"

"உங்கள விட்டா டயருக்கும் குரோம் போடுவீங்க!"

"கெடச்சா போடுவேன். உங்களுக்கு இன்னா?"

ஞாயிற்றுக்கிழமை வந்தால் கண்ணுக்கு மை ஏறியது, தலையில் மல்லி ஏறியது. அம்மா சாவித்திரி ஒரு மாதிரி பார்த்தாள். எழிலரசி எதையும் கண்டுகொள்ளவில்லை. ஆனால் ஒவ்வொன்று கழலும்போதும் அவள் மனசு எண்ணியது... இன்னும் ஏழு, இன்னும் ஆறு. கடைசியும் கழன்றுவிட்டால் அவன் எதுக்கு இந்தப் பக்கம் வரப் போகிறான்?

ஏழாவது வாரம் ஸ்ரீகாந்த் என்ற நண்பனும் கூட வந்தான். "டேய், அரை நாள் வேலைடா இது! எதுக்கு வாராவாரம் வர்ற?"

பிரசன்னாவின் காது சிவந்தது. "சும்மா... டைம்பாஸ்டா" என்று தோளைக் குலுக்கினான்.

சீட் கவர் அடுக்குக்குப் பின்னால் நின்றவளுக்குச் சுருக்கென்றது. டைம்பாஸா! நான் மை தீட்டிக்கினு நின்னது உனக்கு டைம்பாஸா!

நேராக வந்தாள். நரம்பின் இரண்டு முனையையும் தானே சுற்றிக்கொண்டு வெறி பிடித்தவள் போல இழுத்தாள். விரல் அறுத்தது.

"விடுங்க, நான் புடிக்கிறேன்..."

"வாணாம் சார். டைம்பாஸுக்கு வேற எடம் பாருங்க."

அவன் முகம் செத்துப்போயிற்று. மீதி ஐந்தும் அரை மணி நேரத்தில் கழன்றன. பதினொன்றையும் ஒரு அட்டைப் பெட்டியில் போட்டுப் பின்சீட்டில் வைத்தாள். "வேல முடிஞ்சிது. இனிமே வராதீங்க."

ரோஷம் நல்லதுதான்... அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும். அவன் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. ரோட்டில் போகிற கறுப்பு ஜீப்பையெல்லாம் எட்டிப் பார்த்துக் கழுத்து வலித்தது. வராதன்னு சொன்னா வராமலே இருந்துடுவானா? கூறு கெட்டவன்!

மூன்றாவது வாரம், தூறலில் அந்த ஜீப் வந்து நின்றது. அட்டைப் பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி இறங்கினான் பிரசன்னா.

"மறுபடி ஒட்டணுங்க."

"இன்னாத்த?"

"பதினொண்ணையும்."

"குரோம் புடிக்காதே உங்களுக்கு?"

"இப்பவும் புடிக்கலைங்க." அந்தக் கண்களுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. "அன்னிக்கு ஸ்ரீகாந்த் முன்னாடி உண்மையச் சொல்ல வெக்கமாப் போச்சு. ஏதோ உளறிட்டேன். தப்புத்தாங்க. குரோம் எனக்கு எப்பவுமே புடிக்காது. அத ஒட்டுற பொண்ணத்தான்... ரொம்பப் புடிச்சிருக்கு. வாரத்துக்கு ஒண்ணு ஒட்டுங்க, போதும். பதினோரு வாரம் வருவேன். அதுக்குள்ள உங்களுக்கும் என்னைப் புடிச்சுதுன்னா..."

மை கரைந்து கன்னத்தில் வழிந்தது. அழுகிறாளா, சிரிக்கிறாளா... அவளுக்கே தெரியவில்லை. பெட்டியை வெடுக்கென்று பிடுங்கி மேஜை மேல் வைத்தாள்.

"எனக்கு மொத வாரமே புடிச்சிப் போச்சு. இன்னும் பதினோரு வாரம்லாம் என்னால தாங்க முடியாது. நைனா உள்ள டீ குடிச்சிகினு கீறாரு... போய்ப் பேசு!"