ஒரு வாய்த் தண்ணீர்

குழாய்கள் எல்லாம் மூடியிருக்க, பம்ப் ஓடியது. ஓடியது என்றால் முழுசாக ஓடவில்லை. டுர்ர் என்று ஓர் உறுமல், உடனே நிறுத்தம். ஒருவர் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கிற நேரம், அவ்வளவுதான். மெக்கானிக் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டான். நான்கு நிமிடம் கழித்து மறுபடியும் டுர்ர். இன்னொரு வாய்.

மற்றவர்களாக இருந்தால் போனால் போகிறது என்று தேநீரைக் குடித்திருப்பார்கள். இவனால் முடியாது. ஒரு மோட்டார் தப்பாக முனகினால் இவனுக்குச் சோறு இறங்காது. அந்தப் பம்ப்புக்கு இருக்கிற புத்தி ரொம்பச் சின்னது. யாராவது குழாயைத் திறந்தால் பைப்பில் அழுத்தம் குறையும், தானாக ஓடும். மூடினால் அழுத்தம் ஏறும், தானாக நிற்கும். யாரும் திறக்காமல் ஓடினால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம். வேறு அர்த்தம் கிடையாது.

காலை பத்து மணி. படகைச் சுற்றி மூடுபனி கட்டியாக நின்றது. கரை அரை மைல்தான், ஆனால் நேற்று மாலைக்குப் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை. மூன்று வாரத்துக்கு முன் வாங்கிய பழைய படகு அது. அவனும் மனைவியும் அதிலேயே குடியேறிவிட்டார்கள். வாங்கும்போது ஒரே ஒரு விஷயம் அவனுக்குச் சிரிப்பை மூட்டியது. படகின் மூக்குப் பக்கம் தளத்தையும் நங்கூரச் சங்கிலியையும் கழுவ ஒரு நல்ல தண்ணீர் பைப் போகிறது. அதன் வால்வை மூடி, கைப்பிடியைக் கம்பியால் நாலு சுற்றுச் சுற்றி முறுக்கி வைத்திருந்தார்கள். ரிப்பேர் செய்யச் சோம்பல்பட்ட எவனோ செய்த வேலை என்று நினைத்து, நேற்றுத்தான் அந்தக் கம்பியை வெட்டி எறிந்து வால்வைத் திறந்துவிட்டான்.

படகின் பின்பக்கத்துப் பள்ளத்தில், எஞ்சினுக்குப் பக்கத்தில் அவன் மண்டியிட்டான். டீசல் வாடையும் ஈர ரப்பர் வாடையும் மூக்கில் ஏறின. ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு துண்டு டிஷ்யூ காகிதத்தைச் சுற்றினான். எங்கே நனைகிறதோ அங்கே கசிவு. அரை மணி நேரம் காத்திருந்தான். பம்ப் ஏழு முறை ஓடியது. காகிதம் அத்தனையும் மொரமொரவென்று காய்ந்தே இருந்தது.

பிறகு பம்ப்புக்குப் பக்கத்திலேயே வரிசையாக இருந்த வால்வுகளை ஒவ்வொன்றாக மூடிப் பார்த்தான். சமையலறையை மூடினான், ஓடியது. குளியலறையை மூடினான், அப்போதும் ஓடியது. மூக்குப் பக்கம் போகிற பைப்பின் வால்வை மூடியதும் கப்சிப். ஆக, கோளாறு முன்னால்தான் இருந்தது.

“அந்த வால்வை மூடியே வச்சிடுங்க, தீர்ந்துது. நான் வாளியில அள்ளிக் கழுவிக்கிறேன்” என்றாள் மனைவி, மேலிருந்து எட்டிப் பார்த்து.

“மூடி வைக்கிறது ரிப்பேரா?”

“பேசாம நீங்க இந்தப் பம்ப்பையே கட்டியிருக்கலாம்.”

கிண்டல் செய்தாலும் அவள் போகாமல் இருக்கமாட்டாள். பதினோரு வருஷமாக அவர்கள் வேலை செய்கிற விதம் அது. அந்தப் பைப் போய் முடிகிற குழாய் இருப்பது சங்கிலி அறைக்குள். மூக்கின் அடியில், ஒரு மூடிக்குக் கீழே இருக்கும் இருட்டுப் பொந்து. அவன் தோள் அதில் நுழையாது. அவள் சின்ன உடம்புக்காரி, சிட்டு என்றுதான் அவன் கூப்பிடுவான். பம்ப் ஓடும்போது கத்தினாலும் கேட்காது என்பதால் அவர்களுக்குள் ஒரு கணக்கு உண்டு. ஒரு தட்டு என்றால் திற. இரண்டு தட்டு என்றால் மூடு. அவள் ஒரு ஸ்பேனரை இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். தளத்தின்மேல் அவள் காலடிச் சத்தம் முன்னால் நகர்ந்து தேய்ந்தது. தொப்பென்று ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. ஏதாவது வாளியாக இருக்கும் என்று விட்டுவிட்டான்.

வால்வைத் திறந்தான். டுர்ர். ஒரு வாய். டக், டக் என்று இரண்டு தட்டு வந்தது. மூடினான்.

உடனே ஒரு தட்டு. திறந்தான். இந்த முறை பம்ப் நிற்கவில்லை. குழாயைத் திறந்து சங்கிலிச் சேற்றை அலசுகிறாள் போலிருக்கிறது என்று எண்ணினான். சுவரில் தொட்டியின் அளவு காட்டும் முள் மெல்ல இறங்கியது. முக்கால். அப்புறம் பாதி. இத்தனை தண்ணீரைக் கொட்டினால் படகின் ஓரத்தில் வழிகிற சலசலப்புக் கேட்டாக வேண்டும். வெளியே சத்தமே இல்லை. தொண்ணூறு லிட்டர் முன்னால் போயிருந்தது, ஒரு சொட்டுக்கூடக் கடலில் விழவில்லை. அவன் கழுத்தில் வியர்வை அரும்பியது.

டக், டக்.

மூடினான். அவன் கையை எடுப்பதற்குள் ஒரு தட்டு.

“என்ன விளையாட்டு இது” என்று முணுமுணுத்துக்கொண்டே திறந்தான். பம்ப் அலறியது. டக், டக். மூடினான். தட்டு. திறந்தான். டக், டக், அவசரமாக.

அப்போதுதான் அவனுக்கு அது உறைத்தது. இரண்டு தட்டும் ஸ்பேனர் சத்தம், இரும்பின் கணீர். ஒரு தட்டு அப்படியில்லை. அது மெத்தென்று இருந்தது. ஈரக் கையை விரித்து மரத்தில் வைத்ததுபோல. தப். நிதானமாக. அதற்கு அவசரமே இல்லை.

ஸ்பேனரைக் கீழே போட்டிருப்பாள், கையால் தட்டுகிறாள் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டான். சொல்லி முடிப்பதற்குள் டக், டக். அதன் மேலேயே தப்.

பயந்துவிட்டான். மூடச் சொன்னவள்தான் இவன் பெண்டாட்டி. திறக்கச் சொன்னது யார்? ஒவ்வொரு முறையும் அவள் மூடச் சொல்ல, இவன் யாருக்கோ திறந்துகொண்டிருந்தான்.

டக், டக். டக், டக். டக், டக்.

“மூடுறேன்டி, மூடிட்டேன்” என்று வால்வை இறுக்கித் திருகினான். பல்லைக் கடித்துக்கொண்டு, இதற்குமேல் திரும்பாது என்கிற வரைக்கும் திருகினான். அவள் கேட்டதைச் செய்தாயிற்று.

பம்ப் நின்றது.

தப்.

அவன் அசையவில்லை.

தப். தப். தப். இப்போது அதற்கும் அவசரம் வந்திருந்தது. பிறகு அதுவும் நின்றது.

படகு முழுக்க அமைதி. அந்த அமைதியில், பத்து மீட்டர் தள்ளி, மூக்குப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. மோட்டார் ஓடவில்லை. வால்வு இறுகி இருந்தது. பைப்பில் தண்ணீர் வர வழியில்லை. ஆனாலும் அது கேட்டது.

மடக். ஒரு வாய்.

மடக். இன்னொரு வாய்.

ஓடினான். ஏணியில் முழங்கால் இடித்தது. தளம் பனியில் வழுக்கியது. நாலடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. கைப்பிடிக் கம்பியைத் தடவித் தடவிப் போனான். சிட்டு என்று கத்தினான், பனி அந்தக் குரலை அப்படியே வாங்கிக்கொண்டது. சங்கிலி அறையின் மூடி விழுந்து அடைத்துக் கிடந்தது. தாழ் தானாகவே மாட்டியிருந்தது. உள்ளே டக் என்று ஒரு சத்தம், பலமே இல்லாமல். இரண்டாவது வரவில்லை.

தாழை விடுவித்தான். மூடியைத் தூக்கினான்.

முழங்காலைக் கட்டிக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். உயிரோடுதான் இருந்தாள், கண் அசைந்தது. ஆனால் உடம்பில் ஈரமென்று ஒன்றும் பாக்கி இல்லை. கன்னம் எலும்போடு ஒட்டியிருந்தது. கையின் தோல் பெரிய சட்டையாகத் தொங்கியது. உதடு பல்லைவிட்டு விலகியிருந்தது. சங்கிலி காய்ந்திருந்தது. தரை காய்ந்திருந்தது.

“சிட்டு, கையைக் குடும்மா. நான் இருக்கேன்.”

கையை நீட்டினான். அவள் பிடித்துக்கொண்டாள். இறுக்கமாக. மேலே ஏற முயலவில்லை. அவன் மணிக்கட்டைத் திருப்பினாள். கட்டைவிரலால் அழுத்தி அழுத்தித் தேடினாள். நாடி அடிக்கிற இடத்தில் நிறுத்தினாள்.

அவள் கண்ணில் பயம் இருந்தது. அவனைப் போகச் சொல்கிற பயம். பிடி மட்டும் தளரவில்லை.

சங்கிலிக் குவியலுக்குப் பின்னாலிருந்து ஒரு கை வந்தது. நீளமாக. வெளுத்து, ஊறி, தண்ணீர் சொட்டச் சொட்ட. அது அவள் பின்தலையை மெதுவாகத் தாங்கிப் பிடித்து, குழந்தைக்கு முதல் வாய் ஊட்டுகிற பொறுமையோடு, அவள் வாயை அவன் மணிக்கட்டின்மேல் குனிய வைத்தது.