தெருவில் ஒரே ஒருத்தி

நஃபீசா உர்சுலாவிடம் பேசி நாற்பத்தொன்பது மணி நேரம் ஆகிவிட்டது.

ஏன் என்று உர்சுலாவுக்குப் புரியவில்லை. இருவரும் சண்டை போடவில்லை. கடைசியாகச் சாப்பிட்ட மாங்காயைக்கூடச் சரிபாதியாகத்தான் பிரித்தார்கள். ஆனால் வியாழக்கிழமை மாலையிலிருந்து, உர்சுலாவைக் கண்டாலே நஃபீசா எதிர்ப்பக்கத்தில் இருக்கும் தன் அத்தாவின் மசாலாக் கடைக்குள் ஓடிவிடுகிறாள்.

“அவளை என்னடி செஞ்சே?” என்று அம்மா கேட்டார்.

“ஒண்ணுமே செய்யலம்மா!”

புரியாதது இன்னொன்றும் இருந்தது. அதே வியாழக்கிழமை உர்சுலா எடுத்த முதல் புகைப்படம், முழுக்கக் கறுப்பாக வந்தது.

அவளுடைய கேமரா ஒரு மைலோ டின். அண்ணன் பெர்னார்ட் பள்ளிப் புகைப்படக் கழகத்தில் கற்றுக்கொண்டு வந்து செய்து கொடுத்தான். டின்னின் பக்கவாட்டில் ஊசியால் ஒரு துளை. உள்ளே, துளைக்கு நேர் எதிரே, வெளிச்சம் பட்ட இடம் மருந்தில் கழுவும்போது கறுக்கும் தாள்; அதுவரை வெறும் வெள்ளை. லென்ஸ் கிடையாது. மேகமான மாலை என்றால் அரை மணி நேரம் அசையாமல் வைக்க வேண்டும்.

“எப்படியோ வெளிச்சம் உள்ள புகுந்திருக்கு. மூடி லூஸ் போல,” என்றான் பெர்னார்ட். “இன்னும் ஒரு தாள்தான் இருக்கு. பாத்து செய், லா.”

சனிக்கிழமை மாலை உர்சுலா மூடியைச் சுற்றிக் கறுப்பு டேப் ஒட்டினாள். டின்னை வீட்டு வாசலில், தூணோரம், தெருவைப் பார்த்தபடி வைத்தாள். நஃபீசா கடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தாள். உர்சுலாவின் முகம் வாடிப் போயிற்று. அதற்குள் அம்மா மாவு பிசையக் கூப்பிட்டார்.

படத்தைக் கழுவ, தாளைக் கெடுக்காத சிவப்பு வெளிச்சம் வேண்டும். இயேசுவின் திருஇருதயப் படத்தின் முன்னே எரியும் சிவப்புக் கண்ணாடி விளக்கை அம்மா கொடுத்தார்.

“எண்ணெய் சிந்துச்சுன்னா, ரெண்டு பேருக்கும் சாப்பாடு கிடையாது.”

இருட்டாக்கிய குளியலறையில், மருந்துத் தண்ணீருக்குள் தெரு மெல்ல வந்தது. கடைகள் வந்தன. தூண்கள் வந்தன. ஆட்களைக் காணோம்.

“எத்தனை டிரைஷா வண்டி போச்சு! மாடுகூடப் போச்சே! எல்லாரும் எங்க?”

“போயிட்டே இருந்தாங்கல்ல? பதிய நேரமில்ல. அசையாம இருந்தாத்தான் படத்துல வரும்.”

“அப்ப இது யாரு?”

எதிர்ப்பக்க மசாலாக் கடைப்படியில் ஓர் உருவம் உட்கார்ந்திருந்தது. வெள்ளைத் தலைமுடி, கறுப்புச் சட்டை.

“கிழவிப் பேய்!” என்றான் பெர்னார்ட். ஆனால் அவனும் ஓர் அடி பின்னால் நகர்ந்தான்.

உர்சுலா குனிந்து பார்த்தாள். வானமும் கறுப்பாகத்தான் இருந்தது. கடையின் உள்பக்க இருட்டு, வெள்ளையாக இருந்தது.

“அண்ணா, எல்லாமே மாறி வந்திருக்கு. அப்ப முடி கறுப்பு. சட்டை வெள்ளை. ரெட்டைப் பின்னல்!”

“நஃபீசா! அரை மணி நேரமா ஆடாம இருந்தாளா?” பெர்னார்ட் கை நீட்டினான். “குடு, கழகத்துல மாட்டுறேன்.”

“இது கழகத்துக்கு இல்லண்ணா.”

வெளிச்சத்தில் கெடாதிருக்க இன்னொரு மருந்திலும் முக்கியெடுத்து, ஈரம் சொட்டச் சொட்டத் தாளைப் பிடித்துக்கொண்டு உர்சுலா தெருவைக் கடந்தாள். கடைப்படியில் இருந்த நஃபீசா எழுந்து ஓடப் பார்த்தாள்.

“ஓடாதே. ஓடினா படத்துல வரமாட்டே,” என்றாள் உர்சுலா.

நஃபீசாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

“பாரு, தெருவுல எல்லாரும் போயிட்டாங்க. நீ மட்டும்தான் இருக்கே. உனக்குத்தான் இது.”

நஃபீசா தாளை இரண்டு கையாலும் வாங்கினாள். வெகுநேரம் பார்த்தாள்.

“ஏன் அசையாம உக்காந்திருந்தே?”

“காவல் காத்தேன். டின்னை யாரும் தொடக்கூடாதுன்னு.”

“யாரு தொடப் போறா?”

நஃபீசா தரையைப் பார்த்தாள்.

“வியாழக்கிழமை நான்தான் திறந்தேன். படம் வந்துச்சான்னு பாக்க. உள்ள வெறும் வெள்ளைத் தாள்தான் இருந்துச்சு. நான் திறந்ததுல படம் பறந்து போயிடுச்சு, உர்சுலா.”