முகத்துவாரத்து இரும்பு வலை

நீர் கடலுக்கு வடிந்துகொண்டிருந்தது. இரும்பு வலையைத் தாங்கிய பீப்பாய்கள் மட்டும் வாவிப் பக்கம் சாய்ந்து கிடந்தன. கனகசிங்கத்துக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

யப்பான்காரன் வந்துவிடுவான் என்று பயந்து, மட்டக்களப்பு வாவியின் வாயில் வெள்ளைக்காரன் கட்டிய வலை அது. நங்கூரமிட்ட படகில் இருந்தபடி சக்கரத்தைச் சுற்றி அதைத் திறந்து மூடுவது கனகசிங்கத்தின் வேலை. பொழுது சாயும்போதே மூடியாயிற்று. முற்றாக இருட்டிவிட்டால் வெளியே அசைவது எதுவானாலும் கரையிலுள்ள பீரங்கி சுடும். வெள்ளைக்காரத் துரைக்கென்ன, உத்தரவைச் சொல்லிவிட்டுப் போய்விட்டான்! நேற்று விடியற்காலை கடலுக்குப் போன மகன் அழகரத்தினம் இன்னும் திரும்பவில்லையே. இருப்பதே ஒரு பிள்ளை.

கனகசிங்கத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. தாரும் துருவும் அழுகிய பாசியும் கலந்த நாற்றம் மூக்கில் ஏற, சங்கிலி உரசுவதையும் அடித்தட்டில் நீர் களகளப்பதையும் ஒவ்வொன்றாக விலக்கி விலக்கிக் கேட்டுக்கொண்டிருந்தவனுக்கு, வலைக்கு அப்பால் துடுப்புப் போடும் சத்தம் கேட்டது. மங்கலில் ஒரு தோணி. அதில் ஓர் ஆள்.

மைமல் இருட்டில் வரும் தோணியிடம் "ஆர் தோணி?" என்று மட்டும்தான் கேட்க வேண்டும். பேரை அதுவே சொல்ல வேண்டும். நாமாக எடுத்துக் கொடுக்கக் கூடாது; கொடுத்த பேரில் எதுவும் வந்துவிடும். முகத்துவாரத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கட்டுப்பாடு. பெற்ற மனம் அதையெல்லாம் பார்க்குமா?

"அழகரத்தினம்! நீயா மனே?"

துடுப்பு நின்றது. கடலும் சத்தமில்லாமல் கிடந்தது.

"ஓம் அப்பா. நான்தான்."

கனகசிங்கம் அழுதுகொண்டே சக்கரத்தைச் சுற்றினான். வலை தாழ்ந்தது. தோணி உள்ளே வந்தது. வடிநீரை எதிர்த்து. துடுப்பே போடாமல்.

அப்போது கரையிலிருந்து மனைவி சீதேவியின் குரல், மூச்சிரைக்க:

"இஞ்செருங்க! புள்ள வந்திட்டான்! தோணி உடைஞ்சு களுவங்கேணியில கரையேறி நடந்து வந்தவனாம். வீட்டில சோறு தின்னுறான்!"

ஐயோ.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. சக்கரத்தைப் பிடித்தான். மறுபக்கம் திருப்பினான். கை ஒன்று அவன் கைமேல் படிந்தது. ஈரம். எலும்புவரை குளிர்.

"மூடாதீங்க அப்பா," என்றது மகனின் குரல். "இன்னும் ஆக்கள் வாறாங்க."

வலைக்கு வெளியே, கழுத்தளவு தண்ணீரில், கண்ணுக்கெட்டிய தூரம் தலைகள். அசையாமல் வந்துகொண்டிருந்தன. கிட்ட வந்தவற்றின் முகம் தெரிந்தது.

எல்லாம் அழகரத்தினம்.