சிவப்புக் கோட்டுக்குக் கீழே

"கோடு போட்டாச்சு சார்..."

யுவராணி தலை நிமிராமலே சொன்னாள். நீதிபதிகள் ஆண்டுதோறும் கட்டாயம் முடிக்க வேண்டிய பயிற்சி வகுப்புகளுக்கு அவள்தான் பொறுப்பாளர். பத்து மணி ஆனதும் வருகைப் பதிவேட்டில் கடைசிக் கையெழுத்துக்குக் கீழே சிவப்பு மையில் கோடு இழுத்துவிடுவாள். அது 2008 ஐப்பசி. தேனியில் அந்த மண்டபத்துக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"மூணு நிமிஷந்தானே மேடம்?"

அப்போதுதான் நிமிர்ந்தாள். நனைந்த நெற்றி... இமை நுனியில் ஒரு மழைத்துளி... கெஞ்சத் தெரியாத இரண்டு கண்கள். பேண்ட்டில் முழங்கால் வரை சேறு!

"லேட்டா வந்த சாட்சிய உங்க கோர்ட்டுல என்ன செய்வீக?"

"ஏன் லேட்டுன்னு கேப்பேன்."

"நானும் கேக்குறேன். கோட்டுக்குக் கீழ காரணத்த எழுதுங்க."

பேனாவை வாங்கி எழுதினான். சுரேஷ்கண்ணன், உரிமையியல் நீதிபதி. காரணம்: இல்லை.

அவளுக்குச் சுரீரென்றது.

"இது இந்த வருஷத்துக் கடைசி வகுப்பு சார். காரணம் இல்லைன்னா ஆப்சென்ட்தான். உங்க பணி நிரந்தரமே தள்ளிப்போகும்."

"தெரியும் மேடம்."

கடைசி வரிசையில் போய் அமர்ந்துகொண்டான். அன்றைய பாடம், வழக்காட வருகிறவர்களிடம் நீதிபதி காக்க வேண்டிய தூரம்.

யுவராணிக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னலுக்குப் போனாள்... மேஜைக்கு வந்தாள்... பதிவேட்டைத் திறந்தாள், மூடினாள். 'என்ன திமிர்! ஒரு பொய்க் காரணமாவது சொல்லக் கூடாதா?' அந்த மழைத்துளி மட்டும் இன்னும் கண்ணுக்குள்ளேயே நின்றது.

மதியம், காலில் கட்டும் கையில் கறுப்புக் குடையுமாக ஓர் அம்மாள் நொண்டியபடி வந்தாள்.

"ஆத்தா... ஜட்ஜய்யா இங்கனதான இருக்காக? ராக்கம்மான்னு சொல்லு."

"அவரு குடையா? குடுக்க வந்தீகளா?"

"குடையும் குடுக்கணும், சண்டையும் போடணும்! வீரபாண்டி ஊருக்குப் பக்கத்துல சேத்துல வழுக்கி விழுந்து கெடந்தேன். எத்தன வண்டி போச்சு... இவுகதான் நிறுத்தி, தூக்கி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்தாக. கட்டுப் போடுற மட்டும் நின்னாக. குடையவும் எங்கிட்டயே விட்டுட்டு நனைஞ்சுக்கிட்டே போனாக. நான் சும்மா இருந்திருக்கலாம். எந்தக் கோர்ட்டுய்யான்னு கேட்டு, 'அட, என் வரப்புக் கேசு உங்ககிட்டதான் கெடக்கு'ன்னுட்டேன். மொகமே மாறிப்போச்சு! 'இனி அத நான் விசாரிக்கக் கூடாது ஆத்தா, வேற கோர்ட்டுக்கு மாத்தச் சொல்லி எழுதிருவேன்'னாக. கால் போனாப் போகுது... நல்ல மனுசன்கிட்ட இருந்த கேசு போச்சே!"

யுவராணிக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணும் நிறைந்தது.

சாப்பாட்டு இடைவேளையில் பதிவேட்டோடு அவன் முன்னால் நின்றாள்.

"காரணம் இருக்கே சார்... ஏன் எழுதல?"

"செஞ்ச உதவிய எழுதினா, அதுக்குக் கூலி கேட்ட மாதிரி ஆயிரும் மேடம். கடவுள் பாத்தாரு, போதும்."

"கடவுள் என் ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட மாட்டாரு சார்!"

ராக்கம்மாள் சொன்னதை அப்படியே எழுதி, அவள் கைரேகையை வாங்கினாள். கோட்டை அழிக்கவில்லை. ஆப்சென்ட்டையும் மாற்றவில்லை. தக்க காரணம் இருந்தால் ஈடாக ஒரு நாள் தரலாம் என்று விதி இருந்தது. அடுத்த சனிக்கிழமையைக் குறித்துக் கொடுத்தாள்.

அந்தச் சனிக்கிழமை அவளுக்கு நகரவே இல்லை. வெறும் மண்டபம்... ஒற்றை மின்விசிறி... எதிரே தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தான் அவன். காலையிலிருந்து பாடம் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. 'கோபமா? இல்ல... என்னைப் பிடிக்கலையா?' புடவைத் தலைப்பை முறுக்கினாள், பிரித்தாள். நான்கு மணிக்குத் தாள்களைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போனான்.

தாள்களைத் திருத்தினாள். 'வகுப்பை நிறைவு செய்தார்' என்று அறிக்கை எழுதி உறையை ஒட்டினாள். தூறலிலேயே நடந்து, தெருமுனைத் தபால் பெட்டியில் போட்டாள். பெட்டியின் மேல் கையை வைத்தபடியே நின்றாள்...

தலைக்கு மேல் தூறல் நின்றது. நிமிர்ந்தாள்... அதே கறுப்புக் குடை.

"போட்டுட்டீகளா?"

"போட்டாச்சு... ஏன்?"

"அது உங்க கையில இருக்கிற மட்டும் நான் உங்ககிட்டப் பேசக் கூடாது. இனி நீங்க எனக்கு மார்க் போடுற ஆள் இல்லல்ல?"

"இல்ல..."

"அப்பச் சொல்றேன்." அந்தக் கண்கள் முதன்முறையாகக் கெஞ்சின. "அன்னைக்குக் கோடு போட்டீகளே, அப்பவே உங்களப் புடிச்சுப்போச்சு. எல்லாம் தெரிஞ்ச பின்னாலயும் அழிக்காம விட்டீக பாருங்க... அப்ப ரொம்பப் புடிச்சுப்போச்சு. உங்க வீட்டுல வந்து பேசட்டுமா?"

யுவராணி சேற்றுத் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"வீடு சுருளிப்பட்டியில. ஞாயித்துக்கிழமை... பத்து மணி. மூணு நிமிஷம் லேட்டானாலும் கோடு போட்டுருவேன்."

"ஒம்பதரைக்கே வாசல்ல நிப்பேன்."

அவள் குடைக்கு வெளியே இரண்டடி வைத்தாள். திரும்பினாள். முகமெல்லாம் மழை...

"நான் ஒம்பதுக்கே நிப்பேன்."