யாரும் அழுத்தாத விசை

"நான் அந்த விசையைத் தொடவே இல்ல சார். இத என் தம்பி நம்பணும். அது போதும்."

வந்தவர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வெட்டும் இயந்திரத்தை இயக்குபவர். அவருடைய தம்பிக்கும் அதே இயந்திரத்தில்தான் வேலை. இரண்டு மாதங்களுக்கு முன், சிக்கிய அட்டையைத் தம்பி உள்ளே கைவிட்டு இழுத்தபோது கத்தி இறங்கியது. வலது கையில் மூன்று விரல்கள் போயின. விசைப்பலகை முன் நின்றிருந்தவர் அண்ணன். இயந்திரத்தின் நினைவகத்தில் 'வெட்டு' அழுத்தப்பட்டதாகப் பதிவாகியிருந்தது. ஒரே வீட்டில் இருந்தும் தம்பி அன்றிலிருந்து அவரிடம் பேசுவதில்லை.

அண்ணன் தேடி வந்தது மின்னணுப் பழுதுகளைத் துப்பறியும் ஒருவரை. அவரை எல்லோரும் 'மல்டிமீட்டர்' என்றே அழைத்தார்கள். மின்சாரத்தை அளக்கும் அந்தக் கருவி போலவே, தொட்டுச் சோதிக்காமல் ஒரு வார்த்தை பேச மாட்டார். கூடவே வரும் அவர் மைத்துனர் நேர்மாறு. தொழிற்சாலைக்குள் நுழைந்ததுமே தொடங்கிவிட்டார்.

"சூப்பர்வைசர்தான் அத்தான்! முழியே சரியில்ல."

"அவரு முழி பொறந்ததுலேர்ந்தே அப்படித்தான் மச்சான். சும்மா வா."

கத்தியின் மோட்டார் இணைப்பைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டர் கேட்டார்: "அன்னிக்கு எதை எதை அழுத்துனீங்க? செஞ்சு காட்டுங்க."

அண்ணன் இடக்கைக் கட்டைவிரலை 'விளக்கு' மீதும் ஆள்காட்டி விரலை 'தூக்கு' மீதும் வைத்தார். "இந்த ரெண்டையும் பிடிச்சிருந்தாத்தான் தம்பிக்கு உள்ள வெளிச்சம் இருக்கும், அட்டைய அழுத்துற தட்டும் மேல நிக்கும். அப்ப எண்ணிக்கை முடிஞ்சு மெஷின் கத்திட்டே இருந்துச்சு. அத நிறுத்த வலது கையால 'பூஜ்யம்' அழுத்தினேன்."

"வெட்டு?"

"அதுக்கு எனக்கு மூணாவது கை இல்லையே சார்."

பூஜ்யத்தை அழுத்தினார். திரையில் 'வெட்டு' என்று வந்தது. மைத்துனர் இரண்டடி பின்னால் போனார்.

மாலையில் சூப்பர்வைசரின் அறையில் எல்லோரும் கூடினார்கள். தம்பி கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

"விசைகளுக்குக் கீழ கம்பிகள் குறுக்கும் நெடுக்குமா ஓடுது," என்றார் மல்டிமீட்டர். "சிப் ஒவ்வொரு குறுக்குக் கம்பியா மின்சாரம் அனுப்பி, எந்த நெடுக்குக் கம்பியில திரும்பி வருதுன்னு பாக்கும். அப்படித்தான் எந்த விசைன்னு அதுக்குத் தெரியும். இவர் அழுத்துன மூணும் ஒரு சதுரத்தோட மூணு மூலை. மூணும் சேர்ந்தா மின்சாரம் சுத்திப் போய் நாலாவது மூலையிலயும் வரும். அந்த மூலைதான் 'வெட்டு'. அத யாருமே அழுத்தல."

"புரோகிராம் எழுதுனவங்களுக்கு இது தெரியாதா?" என்றார் சூப்பர்வைசர்.

"நல்லாத் தெரியும். மூணு விசை சேர்ந்து பட்டா எதையும் ஏத்துக்காதேன்னு ஒரு வரி இருந்துச்சு. விபத்துக்கு ஒரு வாரம் முன்னாடி எடுத்துட்டாங்க. பக்கத்துலயே தேதி போட்டுக் குறிப்பு இருக்கு: 'இரண்டைப் பிடித்தபடி மூன்றாவதை அழுத்த முடியவில்லை என்று இயக்குபவர் நேரில் வந்து கேட்டார்.' எழுதுனவங்க வேலைய விட்டுப் போயாச்சு. இயக்குறவங்க நீங்க ரெண்டு பேர்தான். கேட்டது யாரு?"

தம்பியின் முகம் வெளுத்தது.

"அண்ணன்தான்," என்றான்.

இரண்டு மாதத்தில் அந்தச் சொல் அவன் வாயில் வந்தது அப்போதுதான்.

மல்டிமீட்டரின் கையில் வருகைப் பதிவேடு விரிந்திருந்தது. குறிப்பு எழுதப்பட்ட வாரம் முழுவதும் அண்ணனின் பெயருக்கு எதிரே விடுப்பு, மனைவிக்குப் பிரசவம். மைத்துனர் வாயைத் திறந்தார். மல்டிமீட்டர் அவர் காலை மிதித்தார்.

"தேதிய நல்லா யோசிச்சுச் சொல்லுங்க," என்று அண்ணனிடம் பதிவேட்டை நீட்டினார்.

அண்ணன் அதைப் பார்க்கவில்லை. தம்பியின் கையைப் பார்த்தார்.

"யோசிச்சுட்டேன் சார். நான்தான் கேட்டேன்."

"அப்போ நாளையிலேர்ந்து வர வேண்டாம்," என்று சூப்பர்வைசர் வேலைநீக்கத் தாளை எழுதத் தொடங்கினார். அண்ணன் கையெழுத்திட்டார். சாட்சிக்குத் தம்பியிடம் பேனா போனது. இடது கையால் எழுதிப் பழக்கமில்லை. தாள் நழுவிக்கொண்டே இருந்தது.

அண்ணன் குனிந்து, அது நகராமல் பிடித்துக்கொண்டார்.