இடது கொடுக்கு

நேற்று சிறுத்திருந்த இடது கொடுக்கு இன்று பெருத்திருந்தது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி நுண்ணோக்கியில் பார்த்தாள். கடற்பஞ்சின் துளைக்குள்ளேயே பிறந்து அங்கேயே சாகிற இறால். நகத்தளவுதான், ஆனால் வலது கொடுக்கு மட்டும் உடம்பில் பாதி. அதன் மேல்விரலைப் பின்னுக்கு விரித்துச் சொடுக்கினால் கடலடியில் சுள்ளி முறிகிற சத்தம் கேட்கும். மரபணுச் சோதனைக்கு வலது பக்கத்தை வெட்டுவார்கள். இடதை வரைந்து விவரிக்க விட்டுவைப்பார்கள். போன வாரம் ஆறு இறால்களின் வலதையும் வெட்டி, "வலது. சோதனைக்கு" என்று பென்சிலால் சீட்டெழுதி அனுப்பியிருந்தாள். உயிருள்ள இறாலுக்கு வலது போனால் இடது பெருக்கும், சரிதான். இவை எட்டு மாதமாக ஸ்பிரிட்டில் செத்துக் கிடப்பவை ஆயிற்றே!

மற்ற ஐந்து புட்டிகளையும் திறந்தாள். எல்லாவற்றிலும் அப்படியே.

விடுமுறை நாள். ஆய்வுக்கூடத்தில் வேறு யாருமில்லை. மத்தியான வெயில் மேசை மேல் கிடந்தது, ஸ்பிரிட் நெடிக்கு நடுவே சேற்று வாடை அடித்தது, எங்கோ டக்கென்று ஏதோ சொடுக்கியது.

இந்த இனத்தைக் கண்டுபிடித்தவள் சுண்டு. கூடத்திலேயே இளையவள், நகத்தில் பச்சைச் சாயமும் வாயில் ஓயாத "அக்கா, அக்கா"வுமாக இவள் பின்னாலேயே திரிந்தவள். எட்டு மாதம் முன்பு இருவரும் கடலடியில் முக்குளித்தபோது, பாறை இடுக்கில் வலது கை மாட்டிக்கொள்ள, இடது கையால் சேகரிப்புப் பையை அக்காவிடம் நீட்டினாள், இதைப் பிடித்துக்கொண்டு என்னை விடுவி என்பதுபோல. அக்கா பையை மட்டும் வாங்கிக்கொண்டு மேலேறி வந்துவிட்டாள். மறுநாள் உடலை எடுத்தார்கள், வலது கை இல்லாமல். கட்டுரையில் இப்போது ஒரே பெயர், இவளுடையது. அந்தப் பெயரை அவள் தினமும் திறந்து பார்த்துக்கொள்வாள்.

கைபேசி அடித்தது. மரபணுக்கூடத்துக்காரர்.

"என்ன மேடம், சாம்பிள்ல கைய விட்டு உழப்பிட்டீங்களா? ஆறும் மனுஷ ஜீன்!"

"என் கைதான் பட்டிருக்கும்."

"அதான் இல்ல. உங்களோடதுதான் நம்ம ஃபைல்ல இருக்கே, ஒப்பிட்டுப் பாத்துட்டேன். ஆறும் ஒரே பொண்ணு. யாரு மேடம் அது?"

கைபேசி நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தாள். இடது கை எழவில்லை.

டக். குழாய்க்குள்.

டக். சுவருக்குள்.

டக். தோளுக்குள்.

கை கனத்தது. மணிக்கட்டு வீங்கிற்று. விரல்கள் தண்ணீரில் ஊறியதுபோல் வெளுத்துத் தடித்தன. நகம் ஒவ்வொன்றிலும் பச்சை.

"சுண்டு, வேணாம்டி. அக்கா தப்புப் பண்ணிட்டேன். உன் பேரையே போட்டுடறேன்டி!"

கை கேட்கவில்லை. பென்சிலை எடுத்தது. நிதானமாகச் சீட்டெழுதியது.

வலது. சோதனைக்கு.

சீட்டைத் தட்டில் வைத்தது. அவளுடைய வலது கையை இழுத்து அதன்மேல் கிடத்தியது. பிறகு கட்டைவிரல் மெல்ல, மெல்லப் பின்னுக்கு விரிந்து, வலது மணிக்கட்டுக்கு மேலே நின்றது.