விருந்தாளி முகம்

“அம்மா நல்லாத்தானே இருக்காங்க, உங்களுக்கு என்ன பிரச்சினை?” என்று போன மாதம் டாக்டர் அவளிடம் கேட்டார். அம்மாவைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, தலைவாரி அவர்முன் உட்கார வைத்ததே அவள்தான். அம்மா படுக்கையில் மலம் கழித்து வைத்ததையும், அதைச் சுவரில் தேய்த்ததையும் விடியுமுன் துடைத்ததும் அவள்தான். யாரும் முகம் சுளித்துவிடக் கூடாதே என்ற வெட்கம்.

இந்த முறை துடைக்கவில்லை. டாக்டரே வீட்டுக்கு வருகிறார், அண்ணனும் கூட வருகிறான். டாக்டர் ஒரு கையெழுத்துப் போட்டால் அம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்க்கலாம், அவளும் ஒருநாள் நிம்மதியாகத் தூங்கலாம். மூன்று நாளாக வேளைக்குச் சாப்பாடு கொடுத்ததோடு சரி, வேறு எதையும் தொடவில்லை. அதற்காகத் தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

மதிய வெயில் ஏற ஏற, மெத்தையிலிருந்து கிளம்பிய மூத்திர வாடையும், அம்மா எங்கோ ஒளித்துவைத்து மறந்துபோன முட்டையின் அழுகல் நாற்றமும் ஒன்றாகக் கலந்து, மூச்சை உள்ளே இழுத்தால் நாக்கிலேயே படிகிற அளவுக்குக் கெட்டியாக அறையை நிரப்பின. ஈக்களின் ரீங்காரத்துக்கு நடுவே ஈரமான சத்தம் ஒன்று விட்டுவிட்டுக் கேட்டது. அம்மா நாற்காலியின் கைப்பிடியை நக்கிக்கொண்டிருந்தாள்.

அழைப்புமணி அடித்தது. நக்கும் சத்தம் நின்றது.

அம்மாவின் முதுகு நிமிர்ந்தது. எச்சிலைச் சால்வை நுனியால் ஒற்றினாள். இரண்டு கைகளையும் சால்வைக்குள் இழுத்துக்கொண்டாள். கதவு திறந்ததும் டாக்டரும் அண்ணனும் உள்ளே வந்தார்கள்.

“வாங்க, வாங்க. எவ்வளவு நேரமா காத்திருக்கேன்.” முப்பது வருடம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்த குரல். தேன் மாதிரி இருந்தது.

டாக்டர் மூக்கைத் தேய்த்தபடி உட்கார்ந்தார். “இன்னைக்கு என்ன கிழமைம்மா?”

“ரிட்டயர் ஆனவளுக்கு எல்லா நாளும் ஞாயித்துக்கிழமைதான், டாக்டர்.”

“பேரப்பிள்ளைங்க பேரு?”

அம்மாவின் தலை அண்ணன் பக்கம் திரும்பியது. “பேர் வச்சவனே நிக்கிறான். அவனை விட்டுட்டு நான் சொன்னா கோவிச்சுக்குவான்.”

“வாய் மட்டும் குறையல,” என்று அண்ணன் சிரித்தான்.

“அலமாரியைத் திறந்து பாருங்க டாக்டர்,” என்றாள் அவள்.

திறந்தார். ஈக்கள் கும்பலாக எழுந்தன. மடித்த துணிகளுக்கு நடுவே மலம் சுருட்டிய காகிதப் பொட்டலங்கள். ஒன்று கசிந்திருந்தது. டாக்டர் கதவைச் சட்டென்று சாத்தினார். “யார் வேலை இது?”

அம்மா பெருமூச்சு விட்டாள். “வெளிய சொல்லவேண்டாம்னு பாத்தேன். கொஞ்ச நாளா என் பொண்ணு இப்படித்தான். ராத்திரியெல்லாம் தூங்கறதில்ல. எதை எங்க வைக்கிறோம்னு அவளுக்கே தெரியல. என் பாப்பாவைத் திட்டாதீங்க.”

போன மாதம் அம்மாவைப் பற்றி அவள் சொன்ன அதே வார்த்தைகள். அதே வருத்தக் குரல்.

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். குழந்தையிடம் பேசுவதுபோல் மெதுவாகக் கேட்டார். “நீங்க சொல்லுங்க. இன்னைக்கு என்ன கிழமை?”

மூன்று நாளாகத் தூக்கமில்லை. செவ்வாய். இல்லை, புதன். புதனா?

அவள் தலை தானாக அண்ணன் பக்கம் திரும்பியது.

அப்போது சால்வைக்குள்ளிருந்து ஒரு கை வந்து அவள் கையைப் பற்றியது. ஆறுதல் சொல்கிற பிடி. வெதுவெதுப்பு. ஈரம். கொழகொழவென்று. உள்ளங்கையில் தேய்த்தது. விரலிடுக்கில் தேய்த்தது. நகக்கண்ணில் அழுத்தித் திணித்தது. பிறகு சால்வைக்குள் போய், சாவகாசமாகத் துடைத்துக்கொண்டு, சுத்தமாக வெளியே வந்து மடியில் அமர்ந்தது.

“பாருங்க,” என்று அவள் கையை நீட்டினாள். “பாருங்க டாக்டர்.”

பார்த்தார்கள். பழுப்பு நிறம். அவள் கையில். அவள் நகத்தில்.

“அய்யோ, பாப்பா,” என்றாள் அம்மா மெல்ல. கண்கள் அசையவில்லை. உதடு மட்டும் சிரித்தது.

டாக்டர் பையிலிருந்து கையெழுத்துப் போடவேண்டிய காகிதத்தை எடுத்தார். பேனாவின் மூடியைக் கழற்றினார். அவளையே பார்த்தார். “உங்க முழுப் பேரு, வயசு சொல்லுங்க.”

“அண்ணா,” என்றாள்.

அண்ணன் இரண்டடி பின்னால் நகர்ந்தான். கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டான். அவள் கையை ஒருமுறை பார்த்தான். பிறகு படியிறங்கிப் போனான்.